அத்தி வைக்க ஊருக்குப் போக வேண்டியதில்லை

மும்பையில் குடியிருக்கும் தமிழர்களிடம் மரம் வைப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஊரில் வீடு கட்டிய பிறகு பார்க்கலாம்." தாராவியில் இருப்பவரானாலும் சரி, ஆண்டாப் ஹில் குவார்ட்டர்சில் இருப்பவரானாலும் சரி, டோம்பிவிலியில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவரானாலும் சரி, இந்தப் பதிலில் மாற்றம் இராது. அப்படிச் சொன்னவர்களில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்கும் இங்கேயே வேலையாகி, ஊர் வீட்டைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். மரம் மட்டும் வைக்கப்படவே இல்லை.

நிலம் இல்லாதவனுக்கு மரம் எதற்கு என்ற எண்ணம் எப்படியோ மனத்தில் ஊறிப் போயிருக்கிறது. மாவுக்கும் பலாவுக்கும் நிலம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிலம் கேட்காத பழமரம் ஒன்று உண்டு. ஒரு பெயிண்ட் பக்கெட்டும் ஆறு மணி நேர வெயிலும் கொடுத்தால் இரண்டாவது வருஷம் காய்த்துவிடும். வாடகை வீடு மாறினால் கூடவே டெம்போவில் ஏறி வந்துவிடும். அதுதான் அத்தி.

ஆற்றங்கரையில் அடிமரத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறதே, அந்த நாட்டு அத்தி அல்ல. அதை மராத்தியர்கள் உம்பர் என்றும் ஔதும்பர் என்றும் சொல்லி, தத்தாத்ரேயருக்கு உரிய மரமாகக் கும்பிடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் 1979-லும் பிறகு 2019-லும் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்தி வரதரின் பெயரில் இருப்பதும் அந்த அத்திதான். இங்கே சொல்வது சீமை அத்தியை. இந்திக்காரர்களும் மராத்தியர்களும் அஞ்சீர் என்பார்கள். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் வேறு வேறு மரம்.

அஞ்சீர் என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வருவது மஸ்ஜித் பந்தர் கடைகளில் கயிற்றில் கோத்து மாலையாய்த் தொங்கும் காய்ந்த பழம்தான். மலச்சிக்கலுக்கு நல்லது, ரத்தம் ஊறும் என்று டாக்டர் சொல்லி வாங்குகிற சரக்கு. அதில் குறையொன்றுமில்லை. ஆனால் அதைத் தின்றுவிட்டு அத்தியின் ருசி தெரியும் என்று சொல்வது, கருவாட்டைத் தின்றுவிட்டுக் கடல் மீனின் ருசி தெரியும் என்று சொல்வதைப் போன்றது.

பச்சைப் பழமாக மார்ச், ஏப்ரல் மாதங்களில் புரந்தர் பக்கத்திலிருந்து மும்பைக்கு வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, நல்ல பழம்தான். புணே மாவட்டத்தில் சாஸ்வட், ஜெஜுரியைச் சுற்றியுள்ள புரந்தர் தாலுகாவின் அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. வாழைக்காயையும் மாங்காயையும் போல அத்தியைப் பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது. காம்பை விட்டு இறங்கியபின் மெத்தென்று ஆகுமே தவிர, இனிப்பு ஏறாது. முழுக்கப் பழுத்தபின் பறித்தாலோ, ஒரு நாள் தாங்குவதே பெரிய காரியம். லாரியில் குலுங்கி வாஷிச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து தாதர் நடைபாதைக்கு வர வேண்டிய பழத்தை, வியாபாரி கொஞ்சம் முன்னதாகவே பறிக்கத்தான் வேண்டும். அவர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. 2024-ல் புரந்தர் பகுதி அத்தி போலந்து நாட்டுக்குச் சாறாகப் போனதை இதோடு சேர்த்து யோசித்துப் பார்த்தால், இந்தப் பழத்துக்குப் பயணம் எவ்வளவு ஆகாது என்பது விளங்கும்.

ஆகவே நன்றாகப் பழுத்த அத்தி என்பது மும்பையில் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத பொருள். மலபார் ஹில் பங்களாக்காரருக்கும் கடையில் அது அகப்படாது. செடியின் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் அது கிடைக்கும். அந்த ஆள் காட்கோபர் சாலில் இருக்கும் ஒரு பில்-கலெக்டராகவும் இருக்கலாம். வேறெந்தப் பழத்தில் இந்தச் சலுகை இருக்கிறது?

பழுத்ததற்கு அடையாளம் நிறமல்ல. அதுவரை விறைப்பாக நிமிர்ந்து நிற்கும் காய், கழுத்து தளர்ந்து தலை குனியும். தோலில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் ஓடும். அடிக்கண்ணில் சில சமயம் தேன் துளி போல ஒன்று திரண்டு நிற்கும். கையால் தூக்கினாலே காம்பு விட்டுவிட வேண்டும். பறித்த இடத்தில் வெள்ளைப் பால் வடிந்தால் அவசரப்பட்டு விட்டோம் என்று அர்த்தம். அந்தப் பால் உதட்டில் பட்டால் எரியும். தோலில் பட்டு வெயிலும் சேர்ந்தால் கொப்பளித்துக் கறுத்துவிடும். குழந்தைகளைப் பறிக்க விடுவதற்கு முன் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிளை வெட்டும்போது பெரியவர்களும் கையை உடனே கழுவிவிடுவது நல்லது.

"அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழத்தின் மேல் ஒரு சந்தேகம் இருக்கும். அது நாட்டு அத்தியைப் பார்த்துச் சொன்ன சொல். அத்தியின் பூ வெளியே தெரியாது. காய் என்று பார்ப்பதே பூக்களை உள்ளே மூடி வைத்த பைதான். "அத்தி பூத்தாற்போல" என்று அபூர்வத்துக்கு உவமை சொல்கிறார்கள். உண்மையில் அது ஒவ்வொரு காயிலும் பூக்கிறது, உள்பக்கமாகப் பூக்கிறது. நாட்டு அத்தியில் ஒரு சிறு குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்கும். அதன் குஞ்சுகள்தான் பழமொழியின் புழு. இங்கே தொட்டியில் வைக்கும் பூனா அத்தி முதலிய ரகங்களுக்குக் குளவியே வேண்டாம். மகரந்தம் சேராமலே பழுக்கும். சுத்த சைவக்காரர்களும் இதைத் தெரிந்து கொள்வது நல்லது. கட்டுப்பாடான ஜைனக் குடும்பங்கள் மட்டும் ஆல், அரசு, அத்தி வகைப் பழம் எதையும் தொடுவதில்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது மரியாதை.

வைப்பது சிரமமில்லை. முருங்கைப் போத்து நட்டவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருஷம் முற்றிய கிளையில் பென்சிலைவிடச் சற்றுத் தடிப்பாக, எட்டிலிருந்து பத்து அங்குல நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு நட வேண்டும். மண் ஈரமாக இருக்கலாம். சேறாக இருக்கக் கூடாது. பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும். பிறகு இருபது லிட்டர் பக்கெட்டுக்கோ பழைய எண்ணெய் டின்னுக்கோ மாற்றலாம். அடியில் ஓட்டைகள் போட்டு, செங்கல் ஜல்லி பரப்பி, செம்மண்ணும் மக்கிய சாண உரமும் கலந்து நிரப்பினால் போதும். சுண்ணாம்புச் சத்துள்ள மண் இதற்கு ஒத்துக்கொள்ளும் என்பதால் பழைய சுண்ணாம்புக் காரைத் துண்டுகளை ஒரு கைப்பிடி போடுவதில் தப்பில்லை. தொட்டி சிறிதாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். வேருக்கு இடம் தாராளமாகக் கிடைத்தால் இந்த மரம் இலையும் கிளையுமாக வளர்ந்து கொண்டே போகும். இடம் நெருங்கினால்தான் காயில் கவனம் செலுத்தும். பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

மும்பையில் இதற்கு உண்மையான எதிரி மழைதான். புரந்தர் மழை மறைவுப் பகுதி. இங்கேயோ ஜூனிலிருந்து செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மழையில் பழம் வெடிக்கும், புளிக்கும். இலையின் அடியில் துருப் பிடித்தாற்போல் பொடி படியும். பிறகு இலை முழுவதும் கொட்டிவிடும். செடி செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. எறிய வேண்டாம். கொட்டிய இலையை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, மழை விட்டதும் கிளைகளைக் கவாத்துச் செய்ய வேண்டும். புதுத் துளிரில்தான் காய் வரும். அக்டோபரில் வெட்டினால் பிப்ரவரி, மார்ச்சில் வெயிலோடு பழுக்கும். புரந்தர் விவசாயி இதை மீட்டா பஹார் என்கிறார். அதாவது இனிப்புப் பருவம். மழைக்காலத்தில் வருவது கட்டா பஹார், புளிப்புப் பருவம். ஒரே மரம், ஒரே கிளை, இரண்டு ருசி.

இங்கேதான் ரகங்களின் பேச்சு வருகிறது. ஒரு செடி காய்த்துவிட்டால் உடனே இரண்டாவது, மூன்றாவது ரகத்துக்கு ஆசை பிறக்கும். ஆசை நியாயமானது, ருசி பார்ப்பதில்தான் இதன் சந்தோஷமே இருக்கிறது. ஆனால் முதல் செடியின் இரண்டு பருவத்தையும் தின்று பார்க்காமல் அடுத்த ரகத்துக்குக் காசு கொடுப்பது வீண். முதல் வருஷப் பழம் எந்த ரகமானாலும் நீர்த்துத்தான் இருக்கும். அதை வைத்து ரகத்தைக் குறை சொல்லக் கூடாது. இரண்டாம் ஆண்டு, மார்ச் மாதத்தில், தண்ணீரைச் சற்றுக் குறைத்து ஊற்றி, காலையில் பறித்து, பிரிட்ஜில் வைக்காமல் நான்காகக் கீறித் தின்ன வேண்டும். அப்போது சொல்லுவதுதான் தீர்ப்பு.

மொத்தத்தில் அத்தியின் ருசியை இரண்டு கிளையாகப் பிரிக்கலாம். உள்சதை வெளிறி மஞ்சளாய் இருப்பவை தேனின் பக்கம். உள்சதை சிவந்திருப்பவை ஜாமின் பக்கம். இனிப்போடு ஒரு சிறு புளிப்பும் நிற்கும். பூனா அத்தி இரண்டாவது கிளை. மணி போன்ற வடிவம், ஊதாவும் பழுப்பும் கலந்த மெல்லிய தோல், ரோஜாச் சிவப்பான சதை, பல்லில் நெறநெறக்கும் விதை. இந்தப் பிரதேசத்தின் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது அதுதான். முதல் தொட்டி அதற்கே உரியது. தௌலதாபாத் பக்கத்து அத்தியிலிருந்து தேர்ந்தெடுத்த தினகர் என்ற ரகமும் இங்கே உண்டு. இரண்டாவது தொட்டிக்குப் பச்சைத் தோல் ரகம் ஒன்று இருந்தால் நல்லது. கலிபோர்னியாவில் கலப்பு செய்து உண்டாக்கிய கோனாட்ரியா அப்படிப்பட்டது. அதன் இனிப்பு சாதுவானது. இன்னொரு லாபமும் உண்டு. கறுத்துச் சிவக்கும் பழத்தைக் கண்டால் கொண்டைக்குருவியும் கிளியும் விடிவதற்குள் வந்து நிற்கும். பச்சையாகவே பழுப்பதை அவை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அணிலும் வௌவாலும் நிறம் பார்ப்பதில்லை என்பதால் பழைய கொசுவலைத் துண்டைப் பைபோல் தைத்துக் கட்டிவிடுவது எதற்கும் நல்லது. மூன்றாவதாகப் பிரவுன் டர்க்கி வைக்கலாம். ருசியில் பூனாவுக்குக் கீழேதான், ஆனால் சின்னத் தொட்டியில் சலிக்காமல் காய்க்கும். ஒரு பால்கனிக்கு மூன்று போதும். இருபது ரகத்தின் பெயரை அட்டையில் எழுதிக் குத்தி வைத்து, நெருக்கத்தில் ஒன்றுமே காய்க்காமல் நிற்கும் மாடிகள் பரிதாபத்துக்கு உரியவை.

பெயர்களைப் பார்த்து ஏமாறுவதும் இங்கே அதிகம். கலிபோர்னியாவிலேயே பிறந்த டீயன்னா என்ற ரகம் நர்சரிக்காரர் வாயில் டயானா ஆகிவிட்டது, அதுவாவது போகட்டும். ஆனால் "இஸ்ரேல் அத்தி", "ஆப்கான் அத்தி" என்று சீட்டு ஒட்டி, நான்கு இலை விட்ட கன்றுக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். இலையைப் பார்த்து ரகம் சொல்வது தேர்ந்தவர்களுக்கே கஷ்டம். காய்க்க இரண்டு வருஷம் ஆவதால், ஏமாந்தவர் திரும்பிப் போய்ச் சண்டை போடவும் முடியாது. இதற்கு ஒரே பரிகாரம், தின்று பார்த்த மரத்திலிருந்து போத்து வாங்குவது. போத்து தாய் மரத்தின் அச்சாகவே வரும். யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் சுமார் 11,400 ஆண்டுக்கு முந்திய அத்திப் பழங்களைக் கண்டெடுத்ததாக 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். போத்து நட்டு வளர்த்த மரத்தின் பழமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அவ்வளவு பழைய பழக்கத்துக்கு இன்று பிளாஸ்டிக் சீட்டும் அதிக விலையும் எதற்கு?

ஊர்ப் பெயரைச் சுமந்து திரிவதில் இந்த மரத்துக்கும் பிழைக்க வந்தவர்களுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. மேற்காசியாவிலிருந்து வந்தது இங்கே பூனா அத்தி. வேறிடங்களில் பெல்லாரி, லக்னோ, சகாரன்பூர் என்று பெயர். எங்கே வேர் பிடித்ததோ அதுவே பெயர். திருநெல்வேலியிலிருந்து வந்தவரும் திருவண்ணாமலையிலிருந்து வந்தவரும் மூன்று தலைமுறை ஆன பிறகும் இங்கே "மதராசி"தான். மரத்துக்குக் கிடைத்த மரியாதை மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

சொசைட்டிச் செயலாளர்களின் எதிர்ப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். "ஆலமரத்து ஜாதியாமே, சுவரைப் பிளக்காதா சார்?" என்று கேட்கிறார்கள். மும்பையின் பழைய கட்டடங்களில் குழாய் இடுக்கில் அரசும் ஆலும் முளைத்துச் சுவரைப் பிளப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இயல்பு. அவை பறவை எச்சத்தில் வந்த விதையில் முளைப்பவை. மகரந்தமின்றிப் பழுக்கும் அத்தியின் விதை வெற்று விதை, முளைக்காது. ஆனால் வேர் விஷயத்தில் செயலாளர் சொல்வது சரி. தொட்டியைத் தளத்தின் மேல் நேராக வைத்தால் ஓட்டை வழியே வேர் இறங்கித் தளத்தைக் கெடுக்கும். செங்கல் மேல் தூக்கி வைத்து, மாதம் ஒருமுறை நகர்த்திப் பார்ப்பது வைத்தவரின் கடமை. அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விட்டால் டெங்குக் கொசு வளரும். மாநகராட்சி ஆட்கள் வந்து நோட்டீஸ் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. வெளியே நீட்டிய பழைய ஜன்னல் கிரில்லில் பக்கெட் மண்ணை ஏற்றுவது கீழே நடப்பவர்களின் தலையோடு விளையாடுவது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு, மொட்டை மாடியில் தூண் மேல் வரும் ஓரத்தில் நான்கு தொட்டிக்கு இடம் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. வாடகைதாரர் கேட்கக் கூடாது, உரிமையாளர்தான் கேட்கலாம் என்று சொல்லும் சொசைட்டிகள் உண்டு. மாடியில் வடாம் காயப்போட வாடகைதாரரை விடுகிறார்கள் அல்லவா?

11 மாத ஒப்பந்தம்தான் பலருடைய கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. அடுத்த வருஷம் எந்த வீட்டிலோ என்ற நினைப்பில் குழந்தைகளுக்கு ஒரு செடி கூட இல்லாமல் போகிறது. முதல் வீட்டில் நட்டு, இரண்டாவது வீட்டில் பழம் தின்னலாம் என்று கணக்குப் போட வேண்டும். வீடு மாறுவது மழை முடிந்த சமயமாக இருந்தால் இன்னும் சௌகரியம். கவாத்துச் செய்து மொட்டையாக நிற்கும் செடியை டெம்போவில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நிறுத்திக் கொண்டு போகலாம்.

மும்பையில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் பொங்கலுக்குக் கோலப் போட்டி வைக்கின்றன, பட்டிமன்றம் வைக்கின்றன. வேண்டியதுதான். அந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டால் என்ன? அக்டோபரில் நட்ட போத்து பொங்கலுக்குள் வேர் பிடித்து இலை விட்டிருக்கும். ஒரு கன்று கொண்டு வருபவர் வேறு ரகக் கன்று ஒன்றை எடுத்துச் செல்லட்டும். கொடுக்கிறவர் தன் வீட்டு முகவரியும் பழத்தின் நிறமும் ஒரு சீட்டில் எழுதி வைத்தால் நர்சரியின் பெயர்ப் புரட்டு அங்கே நடக்காது. சங்கத்துக்குச் செலவு ஒரு மேஜை வாடகைதான்.

ஊர் ஆசை விடாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஈரத் தினசரித் தாளில் சுற்றி, மேலே பாலிதீன் உறை போட்டால் போத்து ஒரு வாரம் வாடாது. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் பெர்த்துக்கு அடியில் வைத்துக் கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரலாம். மும்பையின் ஈரத்தைவிடத் திருநெல்வேலிச் சீமையின் வறண்ட வெயில் இதற்கு எவ்வளவோ மேல்.

புரந்தர் பக்கத்துத் தோட்டங்களில் மீட்டா பஹாருக்கான கவாத்து மழை ஓய்ந்ததும் நடக்கும். புணே - மிரஜ் மார்க்கத்தில் ஜெஜுரி ஸ்டேஷன் இருக்கிறது. கண்டோபா தரிசனத்துக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தில் நின்று, வெட்டிப் போட்ட கிளைகளில் நான்கைக் கேட்டு வாங்கி வரலாம். கேட்கும்போது மராத்தியில் கேட்பது நல்லது.